தோற்றவருக்குக் கிடைத்த குட்டி

நேயர்களுக்கு வணக்கம். செக்ரடேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் வேகத்தைப் புகழாதவர் இல்லை. நான் சொல்ல விரும்புவது அதன் தாயையும் மகள்களையும் பற்றி.

முதலில் பூவா தலையா கதை. அன்றைய தலைசிறந்த பொலிக்குதிரை போல்டு ரூலர். அதை வைத்திருந்த ஃபிப்ஸ் குடும்பம் இணைசேர்க்கப் பணம் வாங்காமல் குட்டிகளில் பங்கு கேட்கும். வர்ஜீனியாவின் மெடோ பண்ணை இரண்டிரண்டு பெண் குதிரைகளை இரண்டு ஆண்டுகள் அனுப்பியது. நாணயம் சுண்டி வென்றவர் முதலாண்டுக் குட்டிகளில் பிடித்ததை எடுப்பார். தோற்றவருக்கு மற்றதும், அடுத்த ஆண்டின் முதல் தேர்வும். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு குதிரை சினைப்படவில்லை. அதாவது வென்றால் ஒரு குட்டி, தோற்றால் இரண்டு! 1969இல் ஆக்டன் ஃபிப்ஸும் மெடோ பண்ணையின் பென்னி செனரியும் நாணயத்தைப் பார்த்து நின்றபோது, இருவருமே தோற்கத்தான் விரும்பினார்கள்.

ஃபிப்ஸ் வென்றுவிட்டார். சம்திங்ராயல் என்ற குதிரை ஈன்ற பெண்குட்டியை எடுத்துக்கொண்டார். அது ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. அதே சம்திங்ராயலின் வயிற்றில் இருந்த குட்டி செனரிக்கு வந்தது. 1970 மார்ச் 30 அன்று பிறந்தது: செந்நிறம், மூன்று கால்களில் வெள்ளை. அதுதான் செக்ரடேரியட். கவனியுங்கள், ஒரே தந்தை, ஒரே தாய். ஒன்று ஒரு வெற்றியும் காணவில்லை. மற்றது 21 பந்தயங்களில் 16 வெற்றி.

1973இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. மூன்றையும் ஒரே குதிரை வென்று அதற்குள் 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது. களைக்க வேண்டிய இடத்தில் வேகம் கூடியது! பெல்மான்டில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடிகளில் கடந்தது. அந்தத் தூரத்தில் மண் தடத்தில் அதை இன்றுவரை எந்தக் குதிரையும் மிஞ்சவில்லை. அதை ஓட்டிய ஜாக்கி ரான் டர்காட் முடிவுக் கோட்டைக் கடந்தபோது பின்னால் வந்த குதிரை 31 குதிரை நீளம் தள்ளி இருந்தது, சுமார் 75 மீட்டர்.

பிறகு கென்டக்கியின் கிளைபோர்ன் பண்ணைக்குப் பொலிக்குதிரையாகப் போனது. 32 பங்குகளாகப் பிரித்து 60 லட்சம் டாலருக்கு மேல் விலை பேசியிருந்தார்கள். தன்னைப் போன்ற மகனைத் தரவில்லை என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மகள்களைப் பாருங்கள். டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட்டை. வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்றது ஏ.பி. இண்டியை. இருவரும் பிற்காலத்தில் அமெரிக்காவின் முதன்மைப் பொலிக்குதிரைகள் ஆனார்கள். பேரன்கள்தான்! மகள் வழியில் வந்தால் மட்டும் அந்தப் பெருமை தாத்தாவுக்குச் சேராதா?

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நேரடி வாரிசுகளையும் சொல்லிவிடுகிறேன்: 1986இல் அந்நாட்டின் ஆண்டுச் சிறந்த குதிரையான லேடிஸ் சீக்ரெட்டும், 1988இல் பிரீக்னஸையும் பெல்மான்டையும் வென்ற ரிசன் ஸ்டாரும் இதன் பிள்ளைகளே. 1989 அக்டோபர் 4 அன்று, குளம்பு அழற்சி முற்றியதால் செக்ரடேரியட்டைக் கருணைக்கொலை செய்தார்கள். பரிசோதித்த மருத்துவர் அதன் இதயத்தை எடை போடவில்லை. ஆனாலும் வழக்கமானதைவிட இரு மடங்குக்கும் மேல் பெரியது என்று மதிப்பிட்டார். நன்றி, வணக்கம்.