சத்தம் அடங்கிய வசந்தத்தில் தணிந்து பாடிய குருவி

நண்பர்களே, வணக்கம்.

சற்று முன் வெளியே ஒரு லாரி போனது. அந்தச் சில நொடிகள் என் குரல் தானாக ஏறியது, லாரி போனதும் இறங்கிவிட்டது. நான் நினைத்துச் செய்ததல்ல அது. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை விளக்கி எழுதினார். பறவைகளும் இப்படித்தான். பெர்லின் நகரத்து நைட்டிங்கேல்கள் வேலைநாள் காலைகளில் உரக்கப் பாடுகின்றன, வார இறுதியில் தணிகின்றன. சாலையில் வண்டிகள் குறைவு, அவ்வளவுதான்.

உரக்கப் பாடினால் மட்டும் போதாது. வண்டி இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் இருப்பதால், பறவையின் தாழ்ந்த ஸ்வரங்களைத்தான் முதலில் விழுங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில், தலையில் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடும் ஒரு சின்னக் குருவி உண்டு. ஆய்வாளர்கள் அதன் பாட்டை 1969 முதலே பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் நகரத்துக் குருவிகளின் பாட்டில் தாழ்ந்த சுருதி மேலே ஏறிவிட்டது. இந்தக் குருவி பாட்டோடு பிறப்பதில்லை. பிறந்த சில மாதங்களில், சுற்றியுள்ள பெரிய குருவிகளைக் கேட்டுத்தான் கற்கிறது. இரைச்சலில் அமுங்கிப்போனதைக் குஞ்சு எப்படிக் கற்கும்? என்னை உறுத்தும் இடம் இதுதான்.

அப்புறம் 2020 வசந்தம் வந்தது. ஊரடங்கு. நகரத்தின் இரைச்சல் 1950-களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கு இறங்கியது. டென்னசி பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டெரிபெரி குழுவினர் அந்த வசந்தத்தில் இந்தக் குருவிகள் பாடியதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள்.

பறவைகள் இப்போது உரக்கப் பாடுகின்றன என்றுதான் அப்போது பலரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். அளந்து பார்த்தால் நேர்மாறு! குருவிகள் முன்பைவிட மெதுவாகப் பாடின. கத்த வேண்டிய தேவை போனதும் தாழ்ந்த ஸ்வரங்கள் திரும்பி வந்தன, பாட்டு அகலமானது, அதாவது அதன் தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் உள்ள இடைவெளி விரிந்தது. எல்லையைக் காக்கும் ஆண் குருவிக்கு அந்த அகலம் முக்கியம், போட்டிக்கு வரும் ஆண்கள் அதைத்தான் எடைபோடுகின்றன. எத்தனையோ ஆண்டுகளாக அமுங்கிக் கிடந்தது சில வாரங்களில் மீண்டுவிட்டது.

சரி, மெதுவாகப் பாடியும் நமக்கு ஏன் கூடுதலாகக் கேட்டது? இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்ததால், தணிந்த அந்தப் பாட்டு முன்பைப்போல் இரண்டு மடங்கு தூரம் போனது. தூரம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு. நின்ற இடத்திலிருந்தே ஒருவர் காதில் நான்கு மடங்கு குருவிகளின் பாட்டு விழுந்திருக்கும்.