கூப்பிட்டது யாரை, வந்தது யார்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

நம் டர்பனில், சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எங்கள் அப்பா காலத்திலிருந்தே எங்கள் பிளம்பிங் கடைக்கு வாடிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதக் குளிரில் ஒரு விடியற்காலை, அவர் வீட்டுக் கீசர் வெடித்துவிட்டது. கூரைக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் சீலிங்கை நனைத்துக்கொண்டு இறங்கி, மெத்தையிலிருந்து சாமி விளக்கு வரைக்கும் எல்லாம் நனைந்துபோச்சு. பேத்தி போனை எடுத்து எங்கள் கடைப் பெயரைத் தட்டித் தேடியிருக்கிறாள். பெயர் வந்தது, பக்கத்தில் நம்பரும் வந்தது. அழைத்தாள். ஒரு பெண் பேசி, "ஆள் அனுப்புகிறோம்" என்றாள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தான், வேலையை முடித்தான், பணம் வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என் அண்ணனைக் கோயிலில் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, உன்னைத்தானே கூப்பிட்டேன்? நீ வராம யாரையோ அனுப்பிட்டியே. கீசருக்கு அடியில, ஒழுகுற தண்ணியைப் பிடிக்கிற டிரேகூட வைக்காம போயிட்டான்."

அண்ணன் திகைத்துப்போய்விட்டார். அன்று காலை எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. பேத்தியின் போனை வாங்கிப் பார்த்தோம். பெயர் எங்களுடையது. நம்பர் எங்களுடையது இல்லை.

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அப்படிப் போய்த் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். என் அண்ணன் சாட்ஸ்வொர்த்தில் பிளம்பர். கடைக்குக் கணக்கு எழுதுவதும் போன் எடுப்பதும் நான். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை இரண்டு வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டர்பனைச் சுற்றி நம் வீடுகளில் குழாய் வேலை, கூரை வேலை, கரண்ட் வேலை, டைல்ஸ் வேலை என்று பிழைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா அம்மாக்கள் இதை அவர்கள் காதில் போட வேண்டும்.

லீட், லீட் என்று தொழில் செய்கிறவர்கள் இப்போது அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன? ஒருவருக்கு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அவர் தன் பெயர், நம்பர், இடம், என்ன பழுது என்று ஒரு வெப்சைட்டில் எழுதிப் போடுகிறார். அந்த விவரத்துக்குப் பெயர்தான் லீட். அதைச் சேகரித்துத் தொழில்காரர்களுக்கு விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன. 2020 லாக்டவுனில் எங்களுக்கு வேலை அடியோடு நின்றது. அடுத்த வருஷம் அப்படி ஒரு கம்பெனியில் அண்ணன் சேர்ந்தார். சேர்ந்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

போகப் போகத்தான் தெரிந்தது, ஒரே லீடை நாலு பேருக்கு விற்கிறார்கள். அண்ணன் பக்கியை, அதாவது சாமான் ஏற்றுகிற சின்ன வண்டியை, எடுத்துக்கொண்டு இங்கிருந்து உம்ஷ்லாங்கா வரைக்கும் ஓடுவார். போய்ச் சேர்ந்தால் வாசலில் வேறு ஒருவர் பக்கி நிற்கும். லீடுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வேலை தானாகவே வந்தது. அந்த வருஷக் கடைசியில் கம்பெனியிலிருந்து விலகிவிட்டோம்.

நாங்கள்தான் விலகினோம். எங்கள் பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

சேரும்போது அவர்கள் தங்கள் வெப்சைட்டில் எங்களுக்கென்று ஒரு பக்கம் போட்டார்கள். கடைப் பெயர், போட்டோ, செய்கிற வேலைகள் எல்லாம் இருந்தன. நம்பர் மட்டும் அவர்களுடையது. அந்த நம்பருக்கு யார் அழைத்தாலும் முதலில் அவர்கள் கணக்கில் பதிவாகி, பிறகு எங்களுக்கு மாறி வரும். எத்தனை அழைப்பு அனுப்பினோம் என்று கணக்குக் காட்ட அது அவர்களுக்குத் தேவை. நாங்கள் விலகியதும் அந்த நம்பரை வேறு திசைக்குத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தை எடுக்கவில்லை. பெரியம்மாவின் பேத்தி அழைத்தது அந்த நம்பரைத்தான்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு வாடிக்கையாளர் போனார் என்று விட்டிருப்பேன். கூகிளில் எங்கள் கடை கீழே இறங்கிக்கொண்டே போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது பிறகுதான் புரிந்தது.

"பிளம்பர்" என்று போனில் தேடிப் பாருங்கள். மேலே பணம் கட்டிய விளம்பரங்கள். அதற்குக் கீழே ஒரு வரைபடமும், அதோடு மூன்று கடைகளும். அதற்கும் கீழே வெப்சைட்டுகளின் வரிசை. மேலே இருக்கிற விளம்பரத்தில் லீட் கம்பெனிகளோடு போட்டி போட நமக்குப் பணம் போதாது. கீழே இருக்கிற வரிசையிலும் பெரும்பாலும் அவர்கள்தான் நிற்கிறார்கள். ஊர் ஊராக, தொழில் தொழிலாக ஆயிரக்கணக்கில் பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கிற அந்த மூன்று பெயர் மட்டும்தான் சின்னத் தொழில்காரன் சொந்தப் பெயரோடு நிற்கக்கூடிய இடம். அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று கூகிளே சொல்கிறது. மூன்று விஷயத்தைப் பார்க்கிறோம் என்கிறார்கள். தேடுகிற வேலைக்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம், உங்கள் தொழிலுக்கு இருக்கிற பெயர்.

பொருத்தமும் தூரமும் சுலபமாகப் புரியும். பெயர் என்பதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர் கிஸ்தப்ப ரெட்டி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசினால் அவர் பெயரும் கூடவே வருகிறது. செய்த வேலை பெயரோடு ஒட்டிக்கொண்டது. கூகிளும் கிட்டத்தட்ட அதைத்தான் தேடுகிறது. எத்தனை பேர் ரிவ்யூ எழுதினார்கள், என்ன எழுதினார்கள், மற்ற வெப்சைட்டுகள் உங்களைப் பற்றி என்ன சொல்கின்றன, எத்தனை இடத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு லிங்க் வருகிறது என்று பார்க்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே நம்பர் இருந்தால் ஒரே கடை என்று அதற்குச் சந்தேகமில்லாமல் தெரியும். மாறி மாறி இருந்தால் குழம்பும்.

நான் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்டர்நெட்டில் எங்கள் கடை எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். பதினொரு இடம். கடைப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. நம்பர் நாலு. விலாசம் இரண்டு, அதில் ஒன்று சாட்ஸ்வொர்த் யூனிட் 3 பகுதியில் இருந்த அப்பா காலத்து வீடு. நாங்கள் அங்கிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நாலு நம்பரில் இரண்டு அந்தக் கம்பெனி கொடுத்தது. அவர்கள் பக்கத்திலிருந்து மற்ற சின்னச் சின்ன டைரக்டரிகள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன. பக்கியின் கதவில் அப்பா பெயிண்ட் அடித்து வைத்த நம்பர் ஒன்று, அதுதான் எங்களுடையது. அது நாலே இடத்தில்தான் இருந்தது.

ரிவ்யூ கதை இதைவிட வருத்தம். அந்த இரண்டு வருஷத்தில் வேலை முடித்த வீடுகளுக்கெல்லாம் கம்பெனி மெசேஜ் அனுப்பும், ரிவ்யூ எழுதுங்கள் என்று. மக்கள் நல்ல மனசோடு எழுதினார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பைப்பில் ஒழுகலை அடைத்தார், போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போனார் என்றெல்லாம். அத்தனையும் அவர்கள் வெப்சைட்டில் இருக்கிறது. அங்கிருந்து கூகிளுக்கு எடுத்து வர வழியில்லை. அண்ணன் முழங்கால் தேய உழைத்த இரண்டு வருஷம், கூகிள் கண்ணுக்கு எங்கள் கடையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தது.

இன்னொன்று. சேர்ந்தபோது ஒரு சின்னப் படம் கொடுத்தார்கள், "எங்கள் உறுப்பினர்" என்று நட்சத்திரம் போட்டது. உங்கள் வெப்சைட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும் என்றார்கள். ஒட்டினோம். அதைத் தொட்டால் அவர்கள் வெப்சைட் திறக்கும். ஒரு வெப்சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது கூகிளுக்கு ஒரு சிபாரிசு மாதிரி. ஒவ்வொரு ஊரிலும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கூரைக்காரரும் அந்தப் படத்தை ஒட்டினால், சிபாரிசு எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிகிறது. கீழே இருக்கிற அந்த வரிசையில் அவர்கள் நம்மைத் தாண்டி நிற்க நாமே தோள் கொடுத்தோம். இதைப் புரிந்துகொண்ட அன்று நான் செய்த முதல் வேலை அந்தப் படத்தை எடுத்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லீட் கம்பெனியில் சேர்ந்ததற்காகவே கூகிள் யாரையும் கீழே தள்ளுவதில்லை. சரியான பெயரும் சொந்த நம்பரும் போட்டிருந்தால் அவர்கள் பக்கத்தில் நம் கடை இருப்பது நல்லதுதான். இன்னொரு இடத்தில் நம்மைப் பற்றிப் பேச்சு இருக்கிறது என்று ஆகும். சேதம் வருவது நம்பரால், ரிவ்யூவால், லிங்க்கால், எல்லாவற்றுக்கும் மேலாக யார் ஓனர் என்பதால்.

அந்த ஓனர் விஷயத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் வருகிற அந்தப் பதிவுக்கு கூகிள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2021 வரைக்கும் கூகிள் மை பிசினஸ் என்று சொன்னார்கள். காசு எதுவும் இல்லை. "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று கம்பெனி சொன்னதும் அண்ணன் சரி என்றுவிட்டார். போட்டார்கள், அவர்கள் ஈமெயிலில். ஓனர் அவர்கள், நாங்கள் வெறும் மேனேஜர். எங்கள் கடைப் பூட்டுக்குச் சாவி அவர்கள் இடுப்பில்.

கூகிள் விதியில் இரண்டு வரி இருக்கிறது. லீட் சேகரிக்கிற கம்பெனிகள் தங்களுக்கென்று இப்படிப் புரொஃபைல் வைத்துக்கொள்ளத் தகுதி இல்லை என்பது ஒன்று. போட்டிருக்கிற நம்பர் அந்தத் தொழிலின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. விதி இருந்தும் என்ன நடக்கிறது? 2017இல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தோடு சேர்ந்து, வரைபடத்தில் பிடிபட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பிளம்பர், எலக்ட்ரீஷியன், பூட்டுத் திறக்கிறவர் மாதிரி அழைத்தால் வருகிற தொழில்கள். பத்தில் ஒன்று, உண்மையான கடையின் பதிவை வேறு யாரோ தன் பெயரில் எடுத்துக்கொண்டது. அதைப் படித்த அன்று, பேவியூவில் நடந்தது உலகம் முழுக்க நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

லீட் விற்கிறவர்கள் தொழில்காரர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. அங்கே ஹோம் அட்வைசர் என்ற பெரிய கம்பெனி மேல், லீடின் தரத்தைப் பற்றித் தொழில்காரர்களுக்குத் தவறான தகவல் சொன்னது என்று 2022 மார்ச்சில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023இல் 72 லட்சம் டாலர் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவானது.

புரொஃபைலைத் திரும்ப வாங்கினோம். ஓனர் உரிமை வேண்டும் என்று கூகிளிலேயே விண்ணப்பம் போடலாம். இருக்கிற ஓனருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுக்கிறார்கள். கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு, கடை எங்களுடையதுதான் என்று காட்ட கூகிள் ஒரு வீடியோ கேட்டது, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தெருப் பெயர்ப் பலகையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் கேட், பக்கியின் கதவில் அப்பாவின் எழுத்து, பின்னால் பைப் ரெஞ்சு, செப்புக் குழாய், வால்வுப் பெட்டி. கராஜைத் திறந்து, பட்டறைச் சாமான்களைக் காட்டினார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கடை நம்ம கடைதான்னு நாமே சாட்சி சொல்லணுமா?" என்று கேட்டார். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, நிறவெறி ஆட்சியில் அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்டு, இங்கே கையால் ஒரு பெயரை உண்டாக்கியவர் அவர். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

தொழில் செய்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். லீட் வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள், ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்: பக்கத்தில் என் நம்பர் போடுவீர்களா? நான் விலகினால் பக்கத்தை எத்தனை நாளில் எடுப்பீர்கள்? எழுத்தில் வாங்குங்கள். கூகிள் புரொஃபைலை உங்கள் ஈமெயிலில், உங்கள் கையால் திறங்கள். வேலை முடித்த வீட்டில் டீ குடிக்கும்போதே கூகிள் ரிவ்யூவுக்கான லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரிவ்யூவுக்காகத் தள்ளுபடி, பரிசு எதுவும் கொடுக்காதீர்கள், கூகிள் அதை அனுமதிப்பதில்லை.

வீட்டுக்காரர்களுக்கு: அழைப்பை எடுக்கிறவரிடம் "நீங்கள் எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள், வரப்போகிறவர் பெயர் என்ன" என்று கேளுங்கள். பிளம்பரிடம், பிளம்பர்களைப் பதிவு செய்கிற வாரியமான பி.ஐ.ஆர்.பி.யின் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு படிவத்தில் நம்பர் எழுதிய பிறகு நாலு பேர் அழைத்தால், என் விவரத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அந்தக் கம்பெனியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனிநபர் விவரங்களைக் காக்கிற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

பேவியூ பெரியம்மா வீட்டுக்கு அண்ணன் போய் டிரே வைத்து, வழிகிற தண்ணீர் வெளியே போகக் குழாயும் போட்டுவிட்டு வந்தார். பேத்தி எங்கள் புரொஃபைலில் ரிவ்யூ எழுதினாள். அது நாங்கள் உரிமை திரும்ப வாங்கிய பிறகு வந்த முதல் ரிவ்யூ. இப்போது எங்கள் தெருவைச் சுற்றித் தேடினால் அந்த மூன்று பெயரில் எங்கள் பெயரும் வருகிறது. நோட்டில் எழுதிய பதினொன்றில் ஒன்பதைத் திருத்தியாயிற்று. இரண்டில் இன்னும் பழைய நம்பர்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன். வணக்கம்.