சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பருவநிலைக்கும் எரிசக்திக்கும் அரசுகள் கொள்கை வகுக்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்புதான். நான் பெரிய கொள்கை நிபுணன் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் எரிசக்தித் தணிக்கை செய்தவன். தொழிற்சாலை, விடுதி, அலுவலகம் என்று போய், வாங்குகிற மின்சாரமும் எரிபொருளும் எங்கே போகின்றன என்று பார்ப்பது என் தொழில். கணக்குப்பிள்ளை வேலைதான், ரொக்கத்துக்குப் பதில் யூனிட்.

ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கூட்டம் போட்டு ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சூரியத் தகடுகள் வைக்க வேண்டும், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். அந்தப் பலகை பச்சையா நீலமா என்பதிலேயே இருபது நிமிடம் போயிற்று. எனக்கோ காதில் ஒரு சத்தம். 'உஸ்ஸ்ஸ்' என்று, பட்டறைப் பக்கமிருந்து, விடாமல்.

மெதுவாக எழுந்து போனேன். அங்கே கம்ப்ரசரிலிருந்து மிஷின்களுக்குக் காற்று போகிற ஏர் லைன். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீரும் பெயின்ட் அடிக்கிற பிரஷும் கேட்டு வாங்கினேன். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனால், கசிகிற இடத்தில் நுரை குமிழ் குமிழாக ஊதிக்கொண்டு வரும். ஒரு வால்வுக்குப் பக்கத்தில் நுரையே நிற்கவில்லை, அப்படியே என் முகத்தில் அடித்தது. அங்கே வேலை பார்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சத்தம் இருக்கிறது. நின்றுபோனால்தான் எங்களுக்குப் பயமாக இருக்கும்."

ஓட்டை எவ்வளவு பெரியது? 3 மில்லிமீட்டர். அந்த ஏர் லைனில் இருந்த காற்றழுத்தத்தில் அந்த ஒரு ஓட்டைக்கு மட்டும் கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் செலவழிக்கிறது. ராத்திரி பகல் ஓடும் ஆலை அது. வருடத்துக்கு 26,000 யூனிட்டுக்கு மேல். நல்ல வெயில் அடிக்கிற இடத்தில் 18, 20 கிலோவாட்டுக்குத் தகடு வைத்தால்தான் வருடம் முழுக்க அவ்வளவு மின்சாரம் வரும். வாசலில் அவர்கள் வைக்கவிருந்தது 10 கிலோவாட்.

தகடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முன்பு ஒரு தடவை இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, சூரிய சக்திக்கு எதிரி என்று பெயர் வாங்கிக்கொண்டேன். தகடு வேண்டும். ஓட்டைக் குடத்தில் மேலே மேலே ஊற்றாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அந்தச் சத்தம் ஏன் அத்தனை வருடம் அங்கே இருந்தது? பராமரிப்புக்காரர்கள் மின்கட்டண ரசீதைப் பார்ப்பதில்லை. ரசீதுக்குப் பணம் கட்டுகிறவர்கள் பட்டறைப் பக்கம் வருவதில்லை. அப்புறம், ஓட்டை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதும் இல்லை. நாடுகளின் கொள்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'உஸ்' காதில் விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது முதலில், அளவில் பெரியது அப்புறம்.

இயற்கை எரிவாயுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மீத்தேன். எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், எரியாமல் கசிந்தால் அதைவிட மோசம். 20 வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் சுமார் 80 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அலிசோ கேன்யன் என்ற இடத்தில், நிலத்தடி எரிவாயுக் கிடங்கின் ஒரு கிணறு உடைந்தது. அடைத்து முடிக்கப் பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் வெளியேறியது ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன். வாசனைக்காகச் சேர்க்கிற பொருள் இருந்ததால் சுற்றியிருந்தவர்களுக்கு நாற்றம் தெரிந்தது. மற்றபடி வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அகச்சிவப்புக் கேமராவில்தான் தெரியும். இப்போது செயற்கைக்கோள்கள் மேலேயிருந்து இந்த மாதிரிக் கசிவுகளைப் பிடிக்கின்றன. நமக்கு வாய்த்த சோப்புத் தண்ணீர்! 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் ஒரு கூட்டு உறுதிமொழி எடுத்தார்கள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கசியாமல் பிடித்துவைத்த வாயுவை விற்கவும் செய்யலாம். இதைவிட முதலில் செய்ய வேண்டியது வேறென்ன இருக்கிறது?

இருக்கிறது. இங்கேதான் என் சொந்தக் கட்சியை நானே கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது. மீத்தேன் பன்னிரண்டு வருடம் போலக் காற்றில் இருந்துவிட்டுச் சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். ஓட்டையை நாளைக்கும் அடைக்கலாம், ஆனால் இன்று கட்டுகிற நிலக்கரி மின்நிலையம் நாற்பது வருடம் ஓடும். ஆகவே இன்று எது மலிவு என்பதை மட்டும் பார்த்து வரிசை போட்டால் ஏமாந்துபோவோம். ஜெர்மனி 2000-இல் சட்டம் போட்டு, சூரிய மின்சாரத்துக்கு ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கியது. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், பணத்தை இப்படியா இறைப்பது என்று சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அப்படி வாங்கியவர்களால் சந்தை வளர்ந்தது, சீனாவில் ஆலைகள் பெருகின, 2010-க்குப் பின் பத்து வருடத்தில் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. தணிக்கைக்காரன் கணக்கில் வராத லாபம் அது.

கடிகாரம் ஓடுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். மின்கம்பி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சூரிய சக்தி, காற்றாலை போன்ற புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் 3,000 ஜிகாவாட் அளவுக்கு இணைப்புக் கிடைக்காமல் வரிசையில் நிற்கின்றன என்று சர்வதேச எரிசக்தி முகமை 2023-இல் சொன்னது. தகடு தயார், மின்சாரத்தை எடுத்துப்போகக் கம்பி இல்லை. கம்பிக்கும் ரிப்பன் கிடையாது!

ஹைட்ரஜனை எரிபொருளாகப் பயன்படுத்துவது பற்றிப் பேச இன்று நேரமில்லை. அதை உரம் செய்யவும் எஃகு செய்யவும் கொடுங்கள், வீட்டைச் சூடாக்க வேண்டாம், அவ்வளவு போதும்.

இன்னும் ஒன்று. உலகத்தில் 200 கோடிப் பேருக்கு மேல் இன்னமும் விறகிலும் கரியிலும் சமைத்துப் புகையைச் சுவாசிக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் இந்தப் புகையால் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் எரிவாயு அடுப்பே கொடுத்தாலும் பருவநிலைக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. என்னைக் கேட்டால் பட்டியலில் முதலில் வர வேண்டியது இதுதான். எதை முதலில் செய்வது என்று பேச வந்துவிட்டு, இதை அரை நிமிடம் இருக்கும்போது எடுக்கிறேன் பாருங்கள். ஓட்டைக் கதை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான்.

வணக்கம்.