ஒன்றிலிருந்து ஏழுக்கு ஒரு துண்டு வயர்

[காட்சி: வெள்ளவத்தை, ஒரு குசினி. தட்டில் பச்சைக் கண்ணாடித் துண்டுகள்.]

வணக்கம். இது போன ஏப்ரலில் எங்கள் குசினியில் வெடித்த ஜிஞ்சர் பியர் போத்தல். இரவு இரண்டு மணி. காஸ் சிலிண்டர்தான் வெடித்தது என்று அம்மா எழும்பி ஓடி வந்தா. சுவரில் இருந்த இஞ்சித் தும்பைத் துடைத்து முடிக்க விடிந்துவிட்டது.

குற்றம் போத்தலில் இல்லை, சூட்டில். ஏப்ரலில் கொழும்பில் பகல் 31, 32 டிகிரி, இரவு 25 அளவில் நிற்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிகொண்டு சீனியைத் தின்னும். நொதிக்கிறபோது அதுவும் தன் பங்குக்குச் சூடு விடும். வாளிக்குள்ளே அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். எனக்கு வேண்டியது 20 டிகிரி, மூன்று நாளைக்கு. பிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், வெளியே வைத்தால் போத்தல் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேவை.

வெளிநாட்டில் வீட்டில் பியர் செய்கிறவர்கள் இதற்குப் பழைய பிரிட்ஜ் ஒன்றையும் வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும் பாவிக்கிறார்கள். இங்கே லைசன்ஸ் இல்லாமல் மது செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். அதனால் நான் ஜிஞ்சர் பியரோடு நிற்கிறேன்.

[காட்சி: உள்ளங்கையில் கறுப்புப் பெட்டி, முன்னால் சிவப்பு எண்கள்.]

இதுதான் அந்த வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எஸ்டிசி-1000. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டேன். கடைக்கார அண்ணை முதலில் கேட்டது, "தம்பி, 12 வோல்டோ 220ஓ?" பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஆகவே 220 என்று ஒட்டியிருப்பதை வாங்குங்கள். 12 வோல்ட் பெட்டியைச் சுவரில் செருகினால் அதற்கு அதுவே கடைசி நாள்.

[காட்சி: பெட்டியின் பின்பக்கம், எட்டு ஸ்க்ரூ, மிக அருகில்.]

எட்டு ஸ்க்ரூ. ஒன்றும் இரண்டும் பெட்டிக்குக் கரண்ட். மூன்றும் நான்கும் சூட்டை அளக்கும் சென்சார். எந்த வயர் எதில் என்பது முக்கியமில்லை, ஆனால் அங்கே மெயின் கரண்ட் தொட்டால் பெட்டி போய்விடும். ஐந்தும் ஆறும் சூடாக்க. ஏழும் எட்டும் குளிராக்க.

நான் பிழை விட்டது ஏழிலும் எட்டிலும். பிரிட்ஜுக்குப் போகிற இரண்டு வயரையும் நேரே அந்த இரண்டு ஸ்க்ரூவிலும் முடுக்கினேன். முன்னால் 'கூல்' விளக்கு எரிகிறது, உள்ளே 'டிக்' என்று ரிலே, அதாவது பெட்டியின் சுவிட்ச், விழுகிறது, பிரிட்ஜ் மட்டும் செத்தது போல. பெட்டி பழுதென்று கடைக்குக் கொண்டுபோகவும் வெளிக்கிட்டுவிட்டேன். பெட்டியில் பிழையே இல்லை. ஏழும் எட்டும் கரண்ட் தராது. சுவர் சுவிட்ச் மாதிரி, இரண்டு முனையைச் சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். கரண்டை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஆகவே இப்படி. ப்ளக்கில் இருந்து வரும் மண்ணிற வயர், அதுதான் லைவ், ஒன்றுக்கு. ஒன்றிலிருந்து ஏழுக்கு ஒரு சின்னத் துண்டு. எட்டிலிருந்து, பிரிட்ஜ் செருகப் போகும் ப்ளக் பொயிண்டின் லைவுக்கு. நீல நியூட்ரல் இரண்டாம் ஸ்க்ரூவுக்கும் போகும், பொயிண்டுக்கும் போகும். பச்சை-மஞ்சள் எர்த் பெட்டியைத் தொடாமல் நேரே பொயிண்டுக்கு. எர்த்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஈரமான இடத்தில் இரும்புப் பிரிட்ஜைத் தொடப் போகிறவர் நீங்கள்தான். பழைய வயரென்றால் நிறம் சிவப்பு, கறுப்பு, பச்சை. எல்லாம் ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டு. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் இதில் கை வைக்க வேண்டாம். முடித்ததை எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிட்டே நான் செருகினேன்.

பிரிட்ஜில் ஓட்டை போடாதீர்கள். சுவருக்குள்ளே காஸ் குழாய் ஓடலாம். ஆர்600ஏ என்று ஒட்டியிருந்தால் அது தீப்பிடிக்கிற காஸ். சென்சார் வயர் மெல்லியது, கதவு ரப்பருக்கு இடையால் போகும். பிரிட்ஜின் சொந்தக் குமிழை ஆகக் கூடிய குளிரில் விடுங்கள். கையால் திருகும் குமிழ் உள்ள பழைய ரகமே இதற்குத் தோது.

[காட்சி: திரையில் எண்கள் மாறுகின்றன.]

எஃப்1 எனக்கு வேண்டிய சூடு, அதில் 20. எஃப்2 இல் 1: அதாவது 21 ஆனதும் ஓடும், 20க்கு வந்ததும் நிற்கும். எஃப்3, நின்ற கம்ப்ரெசர் மறுபடி ஓடுமுன் காத்திருக்கும் நிமிடக் கணக்கு, அதில் நான் 5 வைத்திருக்கிறேன். கம்ப்ரெசர் நின்ற உடனே மறுபடி ஓடப் பார்த்தால், உள்ளே அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது; மோட்டார் திணறிச் சூடேறும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலம் மறந்திருக்காது. போன கரண்ட் வந்து, திரும்பப் போய், திரும்ப வரும் அந்த ஐந்து நிமிடம்தான் பிரிட்ஜுக்குக் கண்டம். இந்தப் பெட்டி கரண்ட் வந்ததும் அந்த நேரம் காத்திருந்தே விடும்.

சென்சாரைக் காற்றில் தொங்க விடாதீர்கள். காற்று நொடியில் குளிரும், வாளி மெதுவாகத்தான் குளிரும். வாளியின் பக்கத்தில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பொஞ்சை வைத்து மூடுங்கள். வாளிக்குள் போட வேண்டாம், அந்த உலோக முனை சாப்பாட்டுக்கென்று செய்ததில்லை.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, போத்தல் கல்லு மாதிரி இறுகியதும் எஃப்1ஐ 4க்கு இறக்கிவிடுவேன். கண்ணாடிப் போத்தல் இனி இந்த வீட்டுக்குள் வராது.

ஐந்தும் ஆறும் வெறுமையாகவே கிடக்கின்றன. நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு பல்பு தேவைப்படும். கொழும்பில் சூட்டுக்குக் காசு கொடுப்பது விசர்.

[காட்சி: பிரிட்ஜ் கதவு திறக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் மூடிய சட்டி ஒன்று.]

இது என்னுடையது இல்லை. நல்ல பெட்டி என்று சொல்லி அம்மா இரவு தோசை மாவைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறா. 20 டிகிரியில் மாவு இம்மியும் பொங்கவில்லை. இன்றைக்குக் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும்.