பலம் எங்கே செல்லுபடியாகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கணக்கில் 95, ஆங்கிலத்தில் 48 என்று பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டினால், நம் வீடுகளில் எதற்கு ட்யூஷன் வைப்போம்? 48-க்குத்தான். தப்பில்லை, தேறியாக வேண்டுமே. அந்த 95-ஐ என்ன செய்யலாம் என்று மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. "அது தானா வரும்" என்று விட்டுவிடுகிறோம்.

தானாக வருமா? விஸ்வநாதன் ஆனந்தைப் பார்ப்போம். அம்மா சுசீலாவிடம் 6 வயதில் செஸ் பழகியவர், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அவருடைய பலம் வேகம். எதிராளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் காயை நகர்த்திவிடுவார். சில நேரம் அந்த வேகமே காலை வாரியதும் உண்டு.

2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். உலகப் பட்டத்துக்காக எதிரே விளாடிமிர் கிராம்னிக். 2000-இல் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவையே மடக்கியவர். எப்படி? ஆரம்பத்திலேயே ராணிகள் வெட்டுப்பட்டு, பரபரப்பு வற்றிப்போன ஆட்டத்துக்கு அவரை இழுத்துப் போய்த்தான். ஆனந்த் வெள்ளைக் காயில் வழக்கமாக ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத்தான் முதலில் நகர்த்துவார். அப்படியே ஆடினால் அதே வறண்ட நிலத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்க்கு மாறினார். இத்தனை வருடப் பழக்கத்தை உலகப் பட்டப் போட்டியில் போய் மாற்றுவது சின்ன விஷயமா? கறுப்புக் காயிலோ, சிக்கலும் அடிதடியுமான மெரான் என்ற தொடக்க வழியைத் தேர்ந்தெடுத்தார். 3-ஆவது, 5-ஆவது ஆட்டங்களைக் கறுப்பில் ஜெயித்தார். முடிவு 6.5–4.5.

கிராம்னிக்கின் பொறுமையைக் கடன் வாங்கும் வேலை அவருக்கு இருக்கவில்லை. தன் வேகம் செல்லுபடியாகும் இடத்துக்கு ஆட்டத்தை நகர்த்தினார், அவ்வளவுதான். அதுவும் தனியாக இல்லை. பீட்டர் ஹைனே நீல்சன், காசிம்ஜானோவ், சூர்யா சேகர் கங்குலி என்று கூடவே ஒரு குழு உட்கார்ந்து வழிகளைத் தோண்டிக் கொடுத்தது.

நம் அலுவலகங்களில் என்ன நடக்கிறது? கவுன்டரில் கத்திக்கொண்டு வருகிறவரைச் சிரிக்கவைத்து அனுப்பும் சாமர்த்தியம் ஒருவருக்கு இருக்கும். அவரைத் தூக்கிக் கொண்டுபோய் எக்செல் முன்னால் உட்காரவைத்து, "இதிலும் நீங்க தேறணும்" என்பார்கள். எக்செல் அவருக்கும் கொஞ்சம் தெரியத்தான் வேண்டும், வேலை தடைபடாத அளவுக்கு. அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு மாலையும் கவுன்டருக்கு நஷ்டம் என்பேன் நான். உங்கள் பலம் எதுவென்று சந்தேகமாக இருந்தால், பக்கத்து மேஜைக்காரர்கள் எந்த வேலைக்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். சுயபரிசோதனைப் படிவத்தைவிட அது நம்பகமானது.

ஆனந்த் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு முடிக்கிறேன். 2017 டிசம்பர் தொடக்கத்தில், லண்டனில் நீண்ட நேர ஆட்டங்களில் பட்டியலின் அடியில் முடித்தார். வயது 48, ஓய்வு பெறலாமே என்ற பேச்சு வராமல் இருக்குமா? அதே மாதக் கடைசியில் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி. ஆளுக்குக் கால் மணி நேரம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 விநாடி. வழியில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனையும் தோற்கடித்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

நன்றி, வணக்கம்.