“ஸ்டேஷன் 5 நிமிஷம்”னு சொன்னாங்க, நானே நடந்து பாத்துட்டேன்!

வணக்கம் மக்களே! மூச்சு வாங்குதுன்னு கண்டுக்காதீங்க, இப்பதான் நடந்து வந்து உக்காந்தேன். வீட்டுக்குப் போய் நிதானமா பேசலாம்னு நெனச்சேன், முடியல. அவ்ளோ கோவம், அவ்ளோ சந்தோஷம், ரெண்டும் ஒண்ணா இருக்கு.

போன வீடியோல காமிச்சேனே, வாங்கலாம்னு பாக்கற மூணாவது வீடு. ஜன்னலுக்கு வெளிய பெரிய மரம், காலைல கூடம் முழுக்க வெளிச்சம். “அக்கா, இதையே முடிச்சிடுங்க”ன்னு பாதிப் பேர் எழுதியிருந்தீங்க. எனக்கும் அந்த வீடு அவ்ளோ பிடிச்சிருந்தது. விளம்பரத்துல மொத வரியே “ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம்”. தினம் ரயில் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போற ஆளுக்கு அந்த ஒரு வரி போதும், மிச்சத்த ஒழுங்கா படிக்கக்கூட மாட்டோம்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஸ்டாப்வாட்ச், நோட்டு, ஆஃபீஸ் பை. பை வெறும் பை இல்ல, லேப்டாப், குடை, தண்ணி பாட்டில் எல்லாம் போட்டு தினம் தூக்கற அதே எடையோட. வெறுங்கைய வீசிக்கிட்டு நடந்து பாத்துட்டு “பக்கம்தான்”னு முடிவு பண்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நடந்தேன். பில்டிங் வாசல்ல இருந்து பிளாட்ஃபார்ம் வரைக்கும் 1.1 கிலோமீட்டர். நேரம் 14 நிமிஷம் 20 செகண்ட். அஞ்சு எங்க, பதினாலு எங்க!

ப்ரோக்கருக்கு ஃபோன் பண்ணேன். அவர் நல்ல மனுஷன், திட்டறதுக்காகப் பேசல. “நான் எப்பவும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேனே மேடம்”ங்கறார். எப்படி வருவீங்கன்னு கேட்டா, பைக்ல! அதுவும் காலனி ஆர்ச்ல இருந்து ஸ்டேஷன் காம்பவுண்டு வரைக்கும். என் வீடு ஆர்ச்லயா இருக்கு? ரயில் காம்பவுண்டு சுவர்லயா வந்து நிக்குது?

ஜப்பான்ல இதுக்கு விதியே இருக்கு மக்களே. அங்க வீட்டு விளம்பரத்துல நடை நேரம் போட்டா 80 மீட்டருக்கு ஒரு நிமிஷம்னுதான் கணக்கு போடணும், மிச்ச மீட்டர் இருந்தா அடுத்த முழு நிமிஷமா ஏத்தணும். அதாவது 5 நிமிஷம்னு எழுதினா 400 மீட்டருக்குள்ள இருக்கணும். 2022 செப்டம்பர்ல இன்னும் இறுக்கிட்டாங்க, அடுக்குமாடின்னா கட்டடத்தோட வாசல்ல இருந்துதான் அளக்கணும். இத்தனைக்கும் சிக்னல்ல நிக்கற நேரமும் மேடும் அந்தக் கணக்குல வராது. என்னோட 1.1 கிலோமீட்டர அந்த விதியில போட்டுப் பாத்தேன்: 14 நிமிஷம். என் காலுக்கும் அவங்க கணக்குக்கும் இருபதே செகண்ட் வித்தியாசம்! எனக்கு அவ்ளோ பெருமையா இருந்தது.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். லிஃப்ட்! வீடு ஒன்பதாவது மாடி, அத சொல்லவே இல்ல பாருங்க. காலைல எட்டு மணிக்குள்ள எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க. நான் நின்னு பாத்தேன், லிஃப்ட் வந்து கீழ எறங்க ரெண்டு நிமிஷம். அப்ப வீட்டுக் கதவுல இருந்து 16 நிமிஷம்னு வெச்சுக்கோங்க.

இப்ப நெஜமான வில்லனுக்கு வரேன். ரயில்வே கேட். வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் வாசல் அந்தப் பக்கம். நான் மொதல்ல நடந்தது ஞாயித்துக்கிழமை, கேட் திறந்திருந்தது. திங்கக்கிழமை மறுபடி போனேன், 7:42 வண்டிய பிடிக்கற மாதிரி கெளம்பி. கேட்ட நெருங்கறேன், மணி அடிக்குது, கண்ணு முன்னாடி கட்டை எறங்குது. எதுக்கு மூடறாங்க? நான் ஏறவேண்டிய அதே 7:42க்கு! கட்டைக்கு இந்தப் பக்கம் பைய மாட்டிக்கிட்டு நான், பக்கத்துல ஸ்கூல் யூனிஃபார்ம்ல ரெண்டு பசங்க, பின்னாடி நாப்பது அம்பது வண்டி. எல்லாரும் பாக்கப் பாக்க ரயில் உள்ள வந்து, நின்னு, கெளம்பிப் போயிடுச்சு. மேப் ஆப் அப்பவும் 14 நிமிஷம்னுதான் காட்டுது. அந்த கேட் எப்ப மூடும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

இதத்தான் நான் எத்தனையோ வீடியோல சொல்லிக்கிட்டே இருக்கேன். ரயில்ல போறவங்களுக்கு ரெண்டு நிமிஷ தாமதம்னா ரெண்டு நிமிஷம் கிடையாது, அடுத்த வண்டி வரைக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டின்னா போனது இருபது நிமிஷம். அதனால வீடு பாக்கும்போது தூரத்த மட்டும் கேக்காதீங்க, நடுவுல என்ன இருக்குன்னு கேளுங்க. ரயில்வே கேட்டா, சிக்னலா, மழை பெஞ்சா முழங்கால் அளவு தண்ணி நிக்கற சப்வேயா, ராத்திரி லைட் எரியுதான்னு.

சரி, ரயில்வே கேட்ட விட்டுடுவோம், நடைக்கும் லிஃப்டுக்கும் மட்டும் கணக்கு. சொன்னது 5, இருக்கறது 16. பதினோரு நிமிஷம் அதிகம், போக வர 22. வருஷத்துக்கு 230 நாள் வேலைன்னா 84 மணி நேரம். மூணரை நாள் மக்களே, ராத்திரி பகல் சேத்து! ஒவ்வொரு வருஷமும்!

“வாங்கிட்டுப் பாக்கலாம், ஒத்துவரலன்னா வித்துடலாம்”னு சொல்றவங்களுக்கு இது. 20 வருஷக் கடன், 8 சதவீத வட்டின்னு வெச்சுப் பாருங்க. மொத மாசம் கட்டற தவணைல கிட்டத்தட்ட 80 சதவீதம் வட்டிக்கே போயிடும். நாலு வருஷம் ஒழுங்கா கட்டின பிறகும் அசல்ல பத்துல ஒரு பங்குகூட முழுசா கொறஞ்சிருக்காது. அந்த நேரத்துல அலுத்துப்போய் வித்தா கையில என்ன நிக்கும்?

புருனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டுட்சர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனி மக்களோட தகவல வெச்சு, வேலைக்குப் போய் வர நேரத்துக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் என்ன சம்பந்தம்னு பாத்திருக்காங்க, 2008ல வெளிவந்தது. தூரமா போய் வரவங்களுக்கு வீடு மலிவாவோ சம்பளம் அதிகமாவோ கெடச்சு அந்தக் கஷ்டம் சரியாகிடும்னுதானே நாம நெனைப்போம்? சரியாகறது இல்ல. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைல திருப்தி கொறைவாதான் இருக்குன்னு வந்திருக்கு. இதப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இப்ப சந்தோஷமான பகுதி! ப்ரோக்கர நேர்ல வரச்சொன்னேன். பைக்ல வந்தார். “அண்ணே, வண்டிய இங்கயே விட்டுட்டு என்கூட நடந்து வாங்க”ன்னேன். “நடந்தா?”ன்னு ஒரு பார்வை பாத்தார். ஆனா வந்தார். ஒன்பதாவது மாடிக் கதவுல ஸ்டாப்வாட்ச அவர் கையிலயே குடுத்துட்டேன். பாதி வழில ஃபோன் வந்தது, “நடந்துக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்”னு வெச்சிட்டார். கேட்ல நல்ல நேரம், மூடியிருந்தது. அஞ்சு நிமிஷம் நின்னோம், அவர் நெத்திய தொடச்சிக்கிட்டே கையில இருக்கற ஸ்டாப்வாட்சப் பாக்கறார், கட்டையப் பாக்கறார். பிளாட்ஃபார்ம்ல போய் அமுக்கினார்: 21 நிமிஷம் 35 செகண்ட். “நான் இங்க பதினோரு வருஷமா வீடு காட்டறேன் மேடம், ஒரு தடவகூட நடந்ததில்ல”ன்னார். உண்மையச் சொன்னாரேன்னு எனக்கு அவர் மேல மரியாதை கூடிடுச்சு.

இன்னிக்கு மத்தியானம் விளம்பரத்தத் திறந்து பாக்கறேன், மாத்திட்டார்! “ஸ்டேஷனுக்கு நடந்தால் 14 நிமிஷம், நடுவில் ரயில்வே கேட்.” ஸ்க்ரீன்ல போடறேன் பாருங்க, வீட்டு நம்பர மட்டும் மறைச்சிட்டேன். எனக்குப் பின்னாடி அந்த வீட்டப் பாக்க வரவங்க ஏமாற மாட்டாங்க. அந்த ஒரு வரிக்காக இன்னும் பத்து தடவ வேணும்னாலும் நடப்பேன்.

மூணாவது வீடு வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த மரத்த நெனச்சா இப்பவும் மனசு கேக்கல, ஆனா சொல்லிட்டேன். அவரே நாலாவதா ஒண்ணு காட்டறேன்னிருக்கார், கேட்டுக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது மாடி, படிலயே எறங்கிடலாம். கூடத்துல வெளிச்சம் கொஞ்சம் கம்மியாம். வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசிக்கு முந்தின வண்டில போய் எறங்கி, அங்க இருந்து வீடு வரைக்கும் நடக்கப் போறேன். தெருவிளக்கு எத்தன எரியுதுன்னு எண்ணிட்டு வந்து சொல்றேன்.