காலைக் கட்டிய பிள்ளைகள்

நடுவர் அவர்களே, வணக்கம். ஆதரவற்ற குழந்தையைப் பெரிதும் காப்பது சட்டமா, சமய இல்லமா என்பது தலைப்பு. சமய இல்லமே என்பது என் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் புட்டுப்புட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்டெடுத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும் என்றார். சரிதான். 25ஆவது மணி நேரம் அந்தப் பிள்ளை யார் மடியில் கிடக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே!

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்று ஓர் ஊர். தோனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; கிறிஸ்தவக் கோவில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர். அங்கே இருந்தவர் எமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர். 1901 மார்ச்சில், கோவிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி ஓடிய 7 வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பின்னால் ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, கைக்குழந்தைகளும் வந்தன. 1918 முதல் ஆண் பிள்ளைகளும். பிரசங்கத்துக்குப் போனவர் பால் காய்ச்ச உட்கார்ந்தார். 'பிள்ளை தாயின் காலைக் கட்டும்' என்று நம் பக்கம் சொல்வதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கட்டுப்படச் சம்மதித்தார். 1951இல் சாகும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை.

பொட்டுக்கட்டுவதைத் தடுத்த சென்னை மாகாணச் சட்டம் எப்போது வந்தது? 1947. அன்று வந்த 7 வயதுப் பிள்ளைக்கு அப்போது 53 வயது ஆகியிருக்கும் நடுவர் அவர்களே! பேரன் பேத்தி எடுக்கிற வயது! அந்தச் சட்டத்துக்காகச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே 1930இல் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் திறக்க வேண்டி வந்தது. அது சமய இல்லம் இல்லை என்று தங்கச்சி முறைக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் வரட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் காத்திருக்கவில்லையே!

'மதம் மாற்றத்தானே இல்லம்' என்றும் ஒரு குத்து விட்டார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். எமி பிள்ளைகளைக் கிறிஸ்தவராகத்தான் வளர்த்தார், ஒளிக்கவும் இல்லை. ஆனால் நம்பிக்கை ஒரு மதத்துக்குப் பட்டா போட்டதா? மயிலாப்பூரில் 1905இல் ஏழு பையன்களோடு தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் யாரை மதம் மாற்றியது? பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து நன்கொடை தேடும் இல்லங்களும் உண்டு. அவற்றைச் சோதிக்கச் சட்டம் வரட்டும், முறத்தால் அடிக்கட்டும், நானும் கூட வருகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் இல்லத்துக்கு அரிசி மூட்டையோடு போனேன். ராத்திரி எட்டரை மணி. வந்து நான்கு நாளே ஆன பொடியன் ஒருவன், அங்கே இருக்கிற அம்மாவின் முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும், மூட்டுவலி. தூங்கிவிட்டானே என்று மெல்ல இழுத்தார். கண்ணைத் திறந்துவிட்டான். மறுபடி உட்கார்ந்தார். இன்னொரு தடவை இழுத்தார், மறுபடியும் அதே கதை. 'சாப்பிடலையாம்மா?' என்றேன். 'இவன் விட்டாத்தானய்யா' என்றார்.

அரசு இல்லத்திலும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அவர் கையில் மாறுதல் உத்தரவு வந்தால், பிள்ளை முந்தானையைப் பிடித்திருக்கிறான் என்று மேலதிகாரிக்கு எழுதிப்போட முடியுமா? அந்தக் காரணத்துக்குக் கோப்பில் இடம் உண்டா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நான் கிளம்பும்போது ஒன்பதரை. அடுப்படியில் அந்த அம்மாவின் தட்டு மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. பொடியன் இன்னும் பிடியை விடவில்லை. வணக்கம்.